நாரி நோவும் நாள் கணக்கும்

வயது போனால் நாரி நோகத்தான் செய்யும் என்று சொல்லாத வீடு மட்டக்களப்பில் இல்லை. அம்மம்மா கூனி நடந்தால் வயது. அப்பப்பா இரவில் படுக்க ஏலாமல் எழுந்து குந்தியிருந்தால் வாதம். இந்த நம்பிக்கையில் பெரும்பகுதி உண்மைதான். அறுபதைத் தாண்டிய ஒருவருக்குச் சட்டென்று முதுகு பிடித்து, எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்பு நசிந்து தெரிந்தால், அநேகமாக அது எலும்பு நலிவினால் வந்த முறிவு. ஆனால் அதே வாங்கில், அதே நோவோடு, அதே மாதிரி நசிந்த எலும்போடு உட்கார்ந்திருக்கும் இன்னொருவருக்கு அந்த எலும்பைப் புற்றுநோய் அரித்திருக்கும். இந்த இருவரையும் பிரித்தறிவதுதான் எலும்பு முறிவுக் கிளினிக்கில் நான் செய்த வேலைகளுள் அதிகக் கவனம் கேட்ட வேலை. அதை மருத்துவர் அல்லாதவர்களுக்கும் விளங்கும்படி எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

எங்கள் கிளினிக்குக்கு வாவியின் இரண்டு கரைகளிலிருந்தும் வருவார்கள். எழுவான்கரையில் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி. வடக்கே ஏறாவூர், வாழைச்சேனை. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து முதியவர்கள் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து வரவேண்டும். முதுகெலும்பு முறிந்தவருக்கு அந்தப் பயணம் எப்படிப்பட்டது என்று அவர்கள் இறங்கி நடக்கும் விதத்திலேயே தெரியும். அதனால் முதலில் வீட்டில் எண்ணெய் போட்டு உருவுவார்கள். பரியாரியாரிடம் பற்றுப் போடுவார்கள். பார்மசியில் நோவுக்குளிசை வாங்கிக் குடிப்பார்கள். எதற்கும் சரிவராத பிறகே எங்களிடம் வருவார்கள். அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும்.

எலும்பு நலிவு என்பது என்ன? நம் எலும்பு நாள்தோறும் கரைந்து நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கு ஈஸ்ட்ரஜன் குறைவதால், கரைவது மிகுந்து கட்டுவது பின்தங்கிவிடும். ஆண்களுக்கும் இது வரும், சற்றுப் பிந்தி. முட்டுக்கும் மூட்டு நோவுக்கும் பிரெட்னிசொலோன் குளிசையை நீண்டகாலம் குடித்தவர்களுக்கு இன்னும் விரைவாக வரும். முள்ளெலும்பின் உட்புறம் மெல்லிய எலும்பு வலைப்பின்னலால் ஆனது. அந்த வலையின் இழைகள் அறுந்துகொண்டே போக, ஒருநாள் ஒரு சிறு பாரம் போதும். தண்ணீர் வாளியைத் தூக்குவது, உழவு இயந்திரப் பெட்டியில் குலுங்கிப் போவது, சில வேளை ஒரு பலத்த இருமல். எலும்பின் முன்பக்கம் நசிந்து ஆப்பு வடிவம் எடுக்கும். இப்படி நசியும் முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான் மருத்துவரின் கவனத்துக்கே வருகிறது. மிச்சமெல்லாம் ‘கூன் விழுந்துட்டுது’ என்ற பேச்சோடு முடிந்துவிடும்.

முள்ளந்தண்டு முழுவதும் இது ஒரே அளவில் நடப்பதில்லை. நெஞ்சுப்பகுதி முள்ளெலும்புகள் பன்னிரண்டு, நாரிப்பகுதியில் ஐந்து. விலா எலும்புகள் தாங்கிப் பிடிக்கும் விறைப்பான நெஞ்சுப்பகுதியும் வளைந்து கொடுக்கும் நாரிப்பகுதியும் சந்திக்கும் இடத்தில்தான் பாரம் குவிகிறது. ஆகவே நலிவு முறிவுகள் பெரும்பாலும் நெஞ்சின் கடைசி இரண்டிலும் நாரியின் முதல் இரண்டிலும் வரும். அடுத்ததாக நெஞ்சின் நடுவில், ஏழாம் எட்டாம் எலும்புகளில் வரும். இதைக் கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தோள்பட்டை மட்டத்தில், நெஞ்சின் நான்காம் எலும்புக்கு மேலே, ஓர் எலும்பு மட்டும் தனியாக நசிந்திருந்தால், விழுந்து அடிபட்ட கதையும் இல்லாவிட்டால், நலிவு என்று எழுதுமுன் பேனையை வைத்துவிட்டு யோசிக்க வேண்டும்.

படத்துக்கு முன்னால் கேள்விகள். வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து வந்த எழுபது வயது அம்மா ஒருவரோடு பேசியது இது.

“நோவு எப்ப தொடங்கினதம்மா?”

“அறுவடைக்குள்ள மனே. நெல்லு மூட்டைக்கு ஒரு கை குடுத்தன். நாரிக்குள்ள டக்கெண்டுது.”

“படுத்தா எப்பிடி இரிக்கு?”

“அசையாமக் கிடந்தா சொகம். திரும்பிப் படுக்கக்குள்ளயும் எழும்பக்குள்ளயும்தான் உசிர் போகுது.”

“போன கிழமைய விட இந்தக் கிழமை?”

“கொஞ்சம் பறவாயில்ல.”

இந்த மூன்று பதிலிலும் நலிவு முறிவின் முழு இயல்பும் இருக்கிறது. நோவு தொடங்கிய நேரத்தை அவரால் சுட்ட முடிகிறது. ஓய்வில் நோவு அடங்குகிறது. கிழமைக்குக் கிழமை குறைகிறது. சாதாரணமாக இந்த முறிவின் கடும் நோவு ஆறு முதல் பன்னிரண்டு கிழமைகளுக்குள் தணிந்துவிடும்.

ஏறாவூரிலிருந்து தகப்பனைக் கூட்டி வந்த ஒரு மகளின் பேச்சு வேறு விதமாக இருந்தது. “வாப்பா ராவையில படுக்கிறதே இல்ல டொக்டர். கதிரையில குந்திக்கிட்டு விடியுமட்டும் இரிக்கார். குளிசைக்கும் கேக்குதில்ல.” எப்போது தொடங்கியது என்று கேட்டால் தந்தைக்கும் சொல்லத் தெரியவில்லை. நோன்புக்கு முன்னமா பின்னமா என்று இருவரும் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். சாரம் இடுப்பில் நிற்காமல் நழுவும் அளவுக்கு மெலிந்திருந்தார். சிறுநீர் போவதிலும் சிரமம். புரொஸ்டேட் சுரப்பியைப் பரிசோதித்தபோது அது கட்டியாகவும் மேடுபள்ளமாகவும் இருந்தது. இரத்தத்தில் பிஎஸ்ஏ எனும் புரொஸ்டேட் புரதத்தின் அளவு மிக உயர்ந்திருந்தது. முதுகு நோவு என்று வந்தவரின் நோய் புரொஸ்டேட்டில் தொடங்கி முள்ளந்தண்டுக்குப் பரவியிருந்தது.

மூலநோய் எங்கோ இருக்க, முதுகெலும்பு ஏன் இலக்காகிறது? 1940இல் அமெரிக்க உடற்கூற்றறிஞர் ஒஸ்கார் பட்சன் இதற்கான வழியைக் காட்டினார். முள்ளந்தண்டைச் சுற்றியுள்ள நாளங்களில் தடுக்கிதழ்கள் இல்லை. நாம் இருமினாலும் முக்கினாலும் இடுப்புக்குழியிலும் நெஞ்சிலும் உள்ள இரத்தம் எதிர்த்திசையில் முள்ளெலும்புக்குள் பாயலாம். அதோடு புற்றுக் கலங்களும் போய்ச் சேரும். மார்பகம், நுரையீரல், புரொஸ்டேட், தைரொயிட், சிறுநீரகம் ஆகிய ஐந்தும் எலும்புக்குப் போவதில் முதன்மையானவை. இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலையும் புகையிலையும் அதற்குக் காரணம். ஆனால் அது முள்ளந்தண்டுக்கு அதிகம் போவதில்லை. பெண்களிடம் மார்பகப் புற்றுநோயும் தைரொயிட் புற்றுநோயும் மிகுதி. இரண்டுமே எலும்பைத் தேடுகிறவை. ஆகவே முதுகு நோவென்று வரும் ஒரு வயதான பெண்ணின் கழுத்தையும் மார்பையும் தொட்டுப் பார்க்காமல் அனுப்பினால் பரிசோதனை முடிந்ததாகாது.

சொல்வது எளிது. எங்கள் ஊரில் அறுபது வயது அம்மா ஒருவர் நாரி நோவுக்கு வந்த இடத்தில் மார்பைக் காட்டச் சொன்னால் திகைத்துப்போவார். திரை போட்டு, பெண் வைத்தியரையோ தாதியையோ பக்கத்தில் நிறுத்தி, ஏன் பார்க்கிறோம் என்று நிதானமாகச் சொன்ன பிறகே அது நடக்கும். அப்படிப் பார்த்தபோது ஓர் அம்மாவின் இடது மார்பில், தோலை உள்ளே இழுத்தபடி, கல்லாக இறுகிய கட்டி இருந்தது. இரண்டு வருடமாக இருக்கிறது என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நோகல்லயே தம்பி. நோகிறது நாரிதானே. இதுக்கும் அதுக்கும் என்ன இரிக்கு எண்டு நான் சொல்லல்ல.” அவருடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று ஊருக்குச் சொல்லவேண்டியது எங்கள் கடமை.

இரவு நோவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது ஒரு தடயம், தீர்ப்பாகாது. சாதாரணத் தேய்வு நோவு உள்ளவர்களும் இரவில் தூங்கவில்லை என்பார்கள். கேட்கும் எல்லாக் கேள்விகளுள்ளும் பலமானது, முன்பு எப்போதாவது புற்றுநோய் வந்ததா என்பதுதான். இருபது வருடத்துக்கு முன் மார்பகத்தில் சத்திரசிகிச்சை செய்த கதையை ‘அது அப்பவே சொகமாயிட்டுது’ என்று சொல்லாமல் விட்டுவிடுவார்கள். கேட்டால் சொல்வார்கள், கேட்க வேண்டும்.

இனி எக்ஸ்ரே. படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டியதும் கண் முதலில் நசிந்த எலும்புக்கே ஓடும். நான் மாணவர்களை வேறு இடத்தில் தொடங்கச் சொல்வேன். நேர்முகப் படத்தில் ஒவ்வொரு முள்ளெலும்பிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு வட்டங்கள் தெரியும். அவை முள்ளெலும்பின் உடலையும் பின்வளைவையும் இணைக்கும் காம்புகள். நடுவில் பின்முள் ஒரு மூக்குப் போலத் தெரியும். இரண்டு கண்ணும் மூக்குமாக அது ஆந்தை முகத்தை ஒத்திருக்கும். மேலிருந்து கீழாக ஒவ்வொரு முகத்துக்கும் இரண்டு கண்களும் இருக்கின்றனவா என்று எண்ணிக்கொண்டு வரவேண்டும். எங்காவது ஒரு கண் காணாமல் போயிருந்தால், அதாவது ஆந்தை ஒரு கண்ணைச் சிமிட்டினால், அந்தக் காம்பைப் புற்றுநோய் தின்றுவிட்டது என்று பெரும்பாலும் சொல்லலாம். எலும்பு நலிவு காம்பை இப்படி அழிப்பதில்லை. மார்பில் கட்டி இருந்த அந்த அம்மாவின் படத்தில், நாரியின் இரண்டாம் எலும்பில் இடது கண் இல்லை. நசிவோ மிகச் சிறிது. நசிவை மட்டும் தேடியவர் கண்ணுக்கு அது ஒரு சாதாரணப் படம்.

பக்கவாட்டுப் படத்தில் பார்க்கவேண்டியது எலும்பின் பின்விளிம்பு. நலிவில் முன்பக்கம் நசிந்தாலும் பின்விளிம்பின் உள்வளைவு மாறாமல் இருக்கும், அல்லது மேல்மூலை மட்டும் கோணமாகப் பின்தள்ளும். புற்றுநோயில் பின்விளிம்பு முழுவதும் வெளியே புடைக்கும். இவ்வளவையும் சொன்ன பிறகு எக்ஸ்ரேயின் எல்லையையும் சொல்ல வேண்டும். ஓர் எலும்பில் முப்பது முதல் ஐம்பது சதவீதம் வரை கரைந்த பின்பே அந்த அழிவு எக்ஸ்ரேயில் தெரியும். பரவும் புற்றுநோயும் பெரும்பாலும் முள்ளெலும்பின் உடலில் தொடங்கித்தான் காம்புக்கு வருகிறது. இரண்டு கண்ணும் திறந்திருக்கின்றன என்பதால் நோயில்லை என்று சத்தியம் செய்ய முடியாது.

இந்த இடத்தில்தான் மயலோமா நம்மை ஏமாற்றும். எலும்பு மச்சையிலுள்ள பிளாஸ்மா கலங்களில் உருவாகும் புற்றுநோய் அது. முதியவர்களிடம் வரும். ஆரம்பத்தில் காம்புகளைத் தொடாமல் உடலைத்தான் அரிக்கும். சில வேளை எந்த எலும்பிலும் தனி ஓட்டை காட்டாமல், முள்ளந்தண்டு முழுவதையும் ஒரே சீராக மெலியச் செய்யும். படம் எலும்பு நலிவின் அச்சாகவே இருக்கும். நோவும் பெரும்பாலும் அசைவில் கூடி ஓய்வில் குறையும், நலிவு முறிவைப் போலவே.

இந்தக் குழப்பம் மருத்துவ வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது. 1844இல் தோமஸ் அலெக்சாண்டர் மக்பீன் என்ற லண்டன் மளிகை வணிகர், விடுமுறைக்குப் போன இடத்தில் ஒரு நிலக்குகையிலிருந்து தாவி வெளியேறும்போது நெஞ்சுக்குள் ஏதோ முறிந்ததை உணர்ந்தார். நோவு வந்தது, தணிந்தது, திரும்பி வந்தது, உடல் மெலிந்தது. 1845இல் அவருடைய சிறுநீர் மாதிரி ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரிடம் போனது. சூடாக்கினால் கரைந்து ஆறினால் உறையும் விசித்திரமான ஒரு புரதம் அதில் இருந்தது. 1846ஆம் ஆண்டின் முதல் நாளில் மக்பீன் இறந்தார். அன்றைய மருத்துவர்கள் அவருடைய நோயை எலும்பு மென்மையடைதல் என்றே எழுதினார்கள். அந்தப் புரதத்தை இன்றும் பென்ஸ் ஜோன்ஸ் புரதம் என்கிறோம். எலும்பு நலிந்திருக்கிறது என்று எழுதுவதோடு நில்லாமல், ஏன் நலிந்தது என்று இரத்தத்தையும் சிறுநீரையும் கேட்கவேண்டும் என்பது மக்பீனின் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

வாவியில் தோணி வலித்து மீன்பிடித்து வாழ்ந்த ஒருவர், அறுபதின் நடுவில் இருப்பவர், தோணியைக் கரைக்கு இழுத்தபோது முதுகு பிடித்தது என்று வந்தார். கதை நேராக இருந்தது. படத்தில் நெஞ்சின் பன்னிரண்டாம் எலும்பு நசிந்திருந்தது, நலிவு முறிவுக்கே உரிய இடம். ஆனால் அவர் ஆண். வாழ்நாள் முழுக்கத் துடுப்புப் பிடித்த உடம்பு. பிரெட்னிசொலோன் குடித்ததில்லை. அப்படிப்பட்டவருக்கு எலும்பு ஏன் நலிய வேண்டும்? கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தால் உட்புறம் வெளிறியிருந்தது. “சலம் நுரையாப் போகுது, தாகமும் கூட” என்று மனைவி சொன்னார். எழுதிய பரிசோதனைகள் எல்லாம் மலிவானவை: இரத்தக் கல எண்ணிக்கை, ஈஎஸ்ஆர் எனும் செங்குருதிக் கலங்கள் படியும் வேகம், கிரியற்றினின், கல்சியம், மொத்தப் புரதம், அல்புமின். ஹீமோகுளோபின் குறைவு. ஈஎஸ்ஆர் முதல் மணியில் நூறு மில்லிமீற்றருக்கு மேல். சாதாரணமாக லீற்றருக்கு அறுபது முதல் எண்பது கிராம் வரை இருக்கவேண்டிய மொத்தப் புரதம் நூறைத் தாண்டியிருந்தது, ஆனால் அல்புமின் குறைந்திருந்தது. அல்புமின் அல்லாத ஏதோ ஒரு புரதம் இரத்தத்தில் மலிந்திருக்கிறது என்பதே இதன் பொருள். புரத மின்பிரிகைப் பரிசோதனையும் எலும்பு மச்சைப் பரிசோதனையும் மயலோமாவை உறுதிசெய்தன. சிறுநீரகம் முற்றாகப் பழுதாகுமுன் சிகிச்சை தொடங்க முடிந்தது. பிறகு அவர் தன் காலால் நடந்து கிளினிக்குக்கு வந்து போனார்.

நலிவு முறிவில் ஈஎஸ்ஆர் பெரிதாக உயர்வதில்லை. உயர்ந்திருந்தால் காரணம் தேடவேண்டும். அந்தத் தேடலில் எங்கள் நாட்டில் மூன்றாவதாக ஒன்றும் நிற்கிறது: முள்ளந்தண்டுக் கசநோய். 1779இலேயே பேர்சிவல் பொட் விவரித்த நோய் அது. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு எல்லாம் புற்றுநோயை ஒத்திருக்கும். பிரித்துக் காட்டுவது இரண்டு எலும்புகளுக்கிடையே உள்ள தட்டு. கசநோய் தட்டையும் அதன் இருபுறத்து எலும்புகளையும் சேர்த்து அழிக்கும். புற்றுநோய் பெரும்பாலும் தட்டை விட்டுவிட்டு எலும்பை மட்டும் தின்னும். கசநோய் மருந்தால் குணமாகும் நோய் என்பதால் அதைத் தவறவிடக் கூடாது.

எம்ஆர்ஐ ஸ்கான் வந்த பிறகு இந்த வேலை தெளிவானது. அது எலும்பு மச்சையையே காட்டுகிறது. வயதானவரின் மச்சையில் கொழுப்பு அதிகம். புதிதாக முறிந்த நலிவு எலும்பில் நீர்கோத்த பகுதி ஒரு பட்டையாக இருக்கும், மிச்சத்தில் கொழுப்பு அப்படியே இருக்கும். முறிந்த கோடு தெரியும். எலும்புக்குள் காற்றோ நீரோ நிரம்பிய பிளவு இருந்தால் அது நலிவுக்குச் சாதகமான அடையாளம். புற்றுநோயில் மச்சை முழுவதும் மாற்றப்பட்டிருக்கும். காம்பும் பாதிக்கப்பட்டிருக்கும். எலும்புக்கு வெளியே, முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாணைச் சுற்றி, சதைத்திரள் இருக்கும். நசியாத வேறு எலும்புகளிலும் புள்ளிகள் தெரியும். இவ்வளவு இருந்தும் சில ஸ்கான்கள் இரண்டு பக்கமும் சாயும். முறிந்த முதல் கிழமைகளில் நீர்க்கோப்பு மச்சை முழுவதையும் மூடிவிடுவதுண்டு. அப்போது இரண்டு வழி. சி.ரி. ஸ்கான் வழிகாட்ட ஊசியால் எலும்புத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பது ஒன்று. ஆபத்தான அடையாளம் எதுவும் இல்லாவிட்டால், ஆறு முதல் எட்டுக் கிழமை கழித்து மறுபடி ஸ்கான் எடுப்பது மற்றது. நலிவு முறிவில் நீர்க்கோப்பு குறைந்து கொழுப்பு திரும்பிவரும். புற்றுநோய் பின்வாங்காது.

மட்டக்களப்பில் எம்ஆர்ஐ இல்லாத காலத்தில், யுத்தம் நடந்த ஆண்டுகளில், கொழும்புக்கு ஒரு நோயாளியை அனுப்புவது குடும்பத்தையே உலுக்கும் காரியம். யாரை அனுப்புவது, யாரை இங்கேயே வைத்துப் பார்ப்பது என்று கேள்விகளாலும் கையாலும் எக்ஸ்ரேயாலும் ஈஎஸ்ஆராலும் தீர்மானித்தோம். அப்போது எங்களுக்குக் கைகொடுத்தது மறுவருகை. ஆறு கிழமையில் மறுபடி வரச்சொல்லி கிளினிக் கொப்பியில் எழுதுவோம். வந்தவரின் நோவு பாதியாகியிருந்தால், உடல் எடை அப்படியே இருந்தால், மறுபடி எடுத்த படத்தில் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டால் நலிவு. நோவு கூடியிருந்தால், எடை இறங்கியிருந்தால், வேறோர் எலும்பும் கரைந்திருந்தால் தேடல் தொடரும். இன்றும் இதற்கு ஈடான பரிசோதனை வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. ஸ்கான் ஒரு நாளைக் காட்டுகிறது. மறுவருகை நோயின் போக்கைக் காட்டுகிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். புற்றுநோய் வந்தவருக்கு நலிவு முறிவு வராது என்று விதி இல்லை. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று, ஈஸ்ட்ரஜனைக் குறைக்கும் குளிசை குடித்துக்கொண்டிருந்த காத்தான்குடி உம்மா ஒருவருக்கு முதுகு நசிந்தது. பிள்ளைகள் நோய் திரும்பிவிட்டது என்று முடிவுகட்டி, தாய்க்குத் தெரியாமல் அழுது, வெளிநாட்டிலிருந்த மகனையும் வரவழைத்துவிட்டார்கள். எம்ஆர்ஐயில் நசிந்த எலும்பின் மச்சையில் கொழுப்பு பத்திரமாக இருந்தது. பழைய நசிவுகள் இன்னும் இரண்டு இருந்தன. காம்புகளில் பழுதில்லை, வெளியே சதைத்திரள் இல்லை. அவர் குடித்த குளிசையே எலும்பை மெலியச் செய்யும் என்பது தெரிந்த விடயம். புரொஸ்டேட்டுக்கு ஹோர்மோன் சிகிச்சை பெறும் ஆண்களுக்கும் இது நடக்கும். நலிவுக்கு மருந்து தொடங்கி மூன்று மாதத்தில் உம்மா எழுந்து சமைத்தார். புற்றுநோயைத் தவறவிடுவது எவ்வளவு கேடோ, இல்லாத புற்றுநோயை இருக்கிறது என்று சொல்லிவிடுவதும் அவ்வளவு கேடு.

நலிவுதான் என்று தெரிந்த பிறகு, நல்லவேளை புற்றுநோய் இல்லை என்று நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவது பலரும் செய்வது. இதில் எனக்குப் பெரிய ஆதங்கம் உண்டு. ஒரு முள்ளெலும்பு நசிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஓர் ஆண்டுக்குள் இன்னொன்றும் நசிகிறது. அடுத்தது இடுப்பெலும்பாகவும் இருக்கலாம். கிழமைக்கு ஒரு தரம் குடிக்கும் அலென்ட்ரொனேற் குளிசை இந்த ஆபத்தைக் கணிசமாகக் குறைக்கும். வெறும் வயிற்றில், ஒரு கோப்பை நிறையத் தண்ணீரோடு குடித்து, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும் என்பதை வீட்டிலுள்ளவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். கல்சியமும் விற்றமின் டியும் போதாவிட்டால் கொடுக்க வேண்டும். படுக்கையிலேயே கிடக்கவிடாமல், நோவைக் குறைத்து, மெதுவாக நடக்கவைக்க வேண்டும். நசிந்த முதுகில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவதை எந்த நிலையிலும் செய்யக்கூடாது. நலிவென்றாலும் சரி, புற்றென்றாலும் சரி, அந்த அழுத்தம் இன்னோர் எலும்பை முறித்துவிடலாம்.

புற்றுநோய் என்று தெரிந்தால் குடும்பம் முதலில் கேட்பது, “அவருக்குச் சொல்லிடாதீங்க டொக்டர்.” அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் நோயாளிக்குத் தெரியாமல் கதிர்ச் சிகிச்சைக்குக் கூட்டிப்போக முடியாது. தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று அவர் பெரும்பாலும் ஊகித்தே இருப்பார். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை என்ற பெயரைக் கேட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கத் தேவையில்லை. முள்ளந்தண்டுக்குப் பரவிய நோயிலும் கதிர்ச் சிகிச்சை நோவை நன்றாகத் தணிக்கும். புரொஸ்டேட், மார்பகம், மயலோமா ஆகியவற்றில் மருந்தால் ஆண்டுக்கணக்கில் நடமாடி வாழ்கிறவர்கள் உண்டு.

ஆனால் ஒரு நிலையில் காத்திருக்க நேரமே இல்லை. முதுகு நோவோடு கால்கள் பலம் குறைந்தால், நடை தள்ளாடினால், கால்களிலோ உட்காரும் பகுதியிலோ மரமரப்பு வந்தால், சிறுநீர் கழிக்க முடியாமல் அல்லது அடக்க முடியாமல் போனால், முண்ணாண் நெரிபடுகிறது என்று பொருள். அன்றைக்கே வைத்தியசாலையில் இருக்க வேண்டும். சிகிச்சை தொடங்கும் நேரத்தில் நடக்கக்கூடிய நிலையில் இருந்தவர்களே பெரும்பாலும் பிறகும் நடக்கிறார்கள். கால் முற்றாக விழுந்த பிறகு தொடங்கும் சிகிச்சை நடையைத் திரும்பக் கொடுப்பது அரிது. நாளைக்குக் கிளினிக் இருக்கிறது, அப்போது காட்டலாம் என்று ஓர் இரவு பொறுப்பதுகூட ஒருவரின் நடையைப் பறித்துவிடும்.

ஆகவே, வீட்டில் முதியவர்கள் இருக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அவர்களுடைய உயரத்தைச் சுவரில் ஒரு கோடு போட்டு ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். நான்கு சென்ரிமீற்றர் குறைந்திருந்தால் எங்கோ ஓர் எலும்பு நசிந்திருக்கலாம். முதுகு நோவு வந்தால் அது எப்போது தொடங்கியது, படுத்தால் எப்படி இருக்கிறது, கிழமைக்குக் கிழமை கூடுகிறதா குறைகிறதா என்று குறித்து வையுங்கள். முன்பு வந்த புற்றுநோயை, எவ்வளவு பழையதானாலும், சொல்லுங்கள். மார்பிலோ கழுத்திலோ கட்டி இருந்தால், நோகாவிட்டாலும் காட்டுங்கள். வைத்தியர் ஆறு கிழமையில் வரச்சொன்னால், நோவு குறைந்திருந்தாலும் அந்தத் தேதிக்கு வாருங்கள். குறைந்திருக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரிய வேண்டிய செய்தியே. வயது ஒரு நோயின் பெயராகாது. அறுபதிலும் எண்பதிலும் வரும் நோவுக்கும் ஒரு காரணம் உண்டு, அதைக் கண்டுபிடிக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.